மரம் ஏறும் பூச்சிகளுக்குப் பசை வளையம்: எங்கே உதவும், எங்கே உதவாது?

கிளைநிழல்

வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரமும் இரண்டு எலுமிச்சை மரங்களும் இருக்கின்றன. மூன்றின் அடிமரத்திலும் எறும்புச் சாரி நிற்பதே இல்லை. எலுமிச்சையின் இளங்குருத்துகளில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. அதற்குக் கீழே இருக்கும் இலைகள் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன, மேலே கறுப்பாக ஒரு படலம் வேறு. பிள்ளைகள் மரத்தடியிலேயே விளையாடுவதால் மருந்து அடிக்க மனம் வரவில்லை.

"அடிமரத்தைச் சுற்றிக் கிரீஸைத் தடவிவிடு, எதுவும் ஏறாது" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். இதற்கென்றே தனிப் பசை இருக்கிறது என்றும் படித்தேன். எது சரி? எறும்பைத் தடுத்தால் மாவுப்பூச்சி போய்விடுமா?

வேரடி

நண்பரே, கிரீஸை மரத்தோலில் நேராகத் தடவ வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம். இயந்திரங்களுக்குப் போடும் கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயில் செய்தது, தோலுக்குள் மெல்ல ஊறும். வயதான மாமரத்தின் தடித்த தோல் ஒருவேளை தாங்கும். எலுமிச்சையின் தோல் மெல்லியது. வெயில் படும் பக்கத்தில் அந்த எண்ணெய் சூடேறி, அடியில் இருக்கும் உயிருள்ள திசு கருகிப்போகும். அந்தத் திசு அடிமரத்தைச் சுற்றி முழு வட்டமாகச் செத்தால், இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்காது. மரமே போய்விடும்.

மரத்துக்கென்று விற்கும் பசையில் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெய், இயற்கைப் பிசின், தாவர மெழுகு இவைதான் இருக்கும். சீக்கிரம் காயாது, மழையில் கரையாது. ஆனால் அதையும் நான் தோலில் நேராகப் பூசச் சொல்ல மாட்டேன். அடியில் ஒரு உறை கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாவுப்பூச்சி, செதில்பூச்சி, அசுவினி இவையெல்லாம் சாற்றை உறிஞ்சிக் குடித்துவிட்டு, மிஞ்சிய சர்க்கரையை இனிப்பான கழிவாக வெளியே விடும். உங்கள் இலையில் ஒட்டுவது அதுதான். அதன் மேல் வளரும் பூஞ்சைதான் அந்தக் கறுப்புப் படலம். பூஞ்சை இலைக்குள் நுழையாது, வெயிலைத்தான் மறைக்கும். எறும்பு மேலே ஏறுவதும் இந்த இனிப்புக்காகவே. இனிப்பு தருகிற பூச்சியை அது காவல் காக்கும். பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும் தின்ன வந்தால் கடித்து விரட்டும். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட வரும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளையும் விடாது.

ஆகவே வளையம் கட்டிய மறுநாளே மாவுப்பூச்சி மறைந்துவிடாது. காவல் விலகும், பொறிவண்டு உள்ளே வரும், அது தின்று தீர்க்க வாரக்கணக்கில் ஆகும். இதைத் தெரிந்துகொண்டு கட்டினால், பாதியில் பொறுமை இழந்து பிய்த்து எறிய மாட்டீர்கள்.

தழைக்கூளம்

நான் இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லாதவன். பசை வளையம் கட்டிவிட்டு மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். காண்டாமிருக வண்டு பறந்து வருகிறது, சிவப்புக் கூன்வண்டு பறந்து வருகிறது, பழ ஈயும் தண்டு துளைக்கும் வண்டும் அப்படியே. மாவுப்பூச்சியின் குஞ்சுகளே காற்றில் அடித்துக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போகும். 2008இல் இந்தியாவுக்குள் வந்த பப்பாளி மாவுப்பூச்சியை எந்த வளையமும் நிறுத்தவில்லை. அதைத் தின்று வளரும் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அடிமரத்தில் பசையைப் பூசி என்ன பயன்?

பூச்சிநோக்கி

தழைக்கூளம் ஐயா சொன்ன பூச்சிகளுக்கு வளையம் வீண்தான், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் பறக்காத பூச்சிகள் எத்தனை இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். பூச்சி தன் வாழ்நாளில் எப்போதாவது நடந்துதான் மரம் ஏறியாக வேண்டும் என்றால், அந்த நாட்களில் வளையத்துக்கு ஈடான ஆயுதம் இல்லை. அப்படி ஒரு நாளே இல்லாத பூச்சிக்கு வளையம் கட்டுவது வெறும் வேலைதான்.

மாவில் வரும் பெரிய மாவுப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானப் பெயர் டிரோசிகா மாஞ்சிஃபெரே. வட இந்தியத் தோப்புகளில் அதிகம். பெண்ணுக்கு இறக்கை கிடையாது. ஏப்ரல், மே வாக்கில் மரத்திலிருந்து இறங்கி, மண்ணுக்குள் போய் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துவிடும். முட்டைகள் மண்ணுக்குள்ளேயே பல மாதம் கிடந்து டிசம்பர், ஜனவரியில் பொரியும். குஞ்சுகள் அத்தனையும் அடிமரம் வழியாகத்தான் மேலே போயாக வேண்டும். அதனால் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்திலேயே தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், 25 முதல் 30 செ.மீ. அகலமுள்ள 400 கேஜ் தடிமன் பாலித்தீன் தாளைச் சுற்றி, மேலும் கீழும் சணல் கயிற்றால் கட்டச் சொல்கிறார்கள். தாளின் வழுவழுப்பிலேயே குஞ்சு சறுக்கி விழும். கீழ் ஓரத்தில் கிரீஸ் பூசினால் இன்னும் நல்லது, அது தாளின் மேல்தான் இருக்கிறது, தோலைத் தொடுவதில்லை. கோடையில் மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் முட்டைகள் வெயிலிலும் பறவை வாயிலும் அழியும்.

இதே தாளை பிப்ரவரியில் கட்டிப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. குஞ்சுகள் அதற்குள் மேலே போய்ப் பூங்கொத்தில் உட்கார்ந்திருக்கும். வளையம் தோற்றது என்று சொல்பவர்களில் பலரும் இப்படிப் பிந்திக் கட்டியவர்கள்தான் என்பது என் எண்ணம்.

குளிர்நாடுகளில் ஆப்பிளையும் ஓக் மரத்தையும் மொட்டையடிக்கும் குளிர்கால அந்துப்பூச்சியும் இந்த வகைதான். பெண்ணுக்குப் பெயருக்குத்தான் இறக்கை, பறக்க முடியாது. நவம்பர், டிசம்பரில் மண்ணிலிருந்து வெளியே வந்து, மரத்தில் ஏறித்தான் முட்டையிடும். அங்கே அக்டோபரிலேயே வளையம் கட்டி வசந்தம் வரை விட்டுவைக்கிறார்கள். தடைபட்ட பெண்பூச்சிகள் வளையத்துக்குக் கீழேயே முட்டையிட்டுவிடும், அது பொரிந்து வரும் சிறு புழுவையும் நிறுத்த வேண்டும் அல்லவா, அதற்குத்தான் அத்தனை மாதம்.

தழைக்கூளம்

அதே குளிர்கால அந்துப்பூச்சியின் புழு பட்டுநூலில் தொங்கிக் காற்றில் பறந்து பக்கத்து மரத்திலிருந்து வருமே? ஒரே ஒரு மரத்துக்குக் கட்டி என்ன ஆகும்?

பூச்சிநோக்கி

வரும், உண்மை. சுற்றிலும் காடாக இருந்தால் ஒற்றை மரத்துக்கு வளையம் பாதிப் பலன்கூடத் தராது. தனித்து நிற்கும் மரத்துக்கும், எல்லா மரத்துக்கும் ஒரே வாரத்தில் கட்டுகிற தோப்புக்கும்தான் முழுப் பலன். இது நீங்கள் சொன்னதில் நான் அப்படியே ஏற்கும் பகுதி.

இன்னொரு பயனும் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எந்தப் பூச்சி, எந்த வாரத்தில், எவ்வளவு ஏறுகிறது என்பதை வளையம் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்த பிறகு மருந்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். எனக்கு இதுவே பெரிய காரணம்.

சாக்குத்துணி

புழு மேலும் கீழும் போய்வரும் வகையாக இருந்தால் பசையே தேவையில்லை. வட அமெரிக்காவில் 1860களின் கடைசியில் மாசசூசெட்ஸின் மெட்ஃபோர்டில் தப்பிப் பரவிய அந்துப்பூச்சி ஒன்று இருக்கிறது, லிமாண்ட்ரியா டிஸ்பார். அதன் வளர்ந்த புழு இரவில் மேலே தின்றுவிட்டு, பகலில் இறங்கி இடுக்குகளில் ஒளியும். அடிமரத்தில் சாக்குத் துணியைச் சுற்றி, நடுவில் கயிறு கட்டி, மேல் பாதியைக் கீழே மடித்துவிட்டால் நிழல் தேடி அதற்குள்ளேயே வந்து கூடும். பிற்பகலில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம், அந்த மயிர் தோலில் பட்டால் தடிக்கும்.

தினமும் பார்க்க முடியாதவர் இதைக் கட்டவே கூடாது. பார்க்காமல் விட்டால் நாமே புழுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கூடுகாப்பாள்

இந்த இழையில் இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், தயவுசெய்து கவனியுங்கள். பசைக்குப் பூச்சி எது, பறவை எது என்று தெரியாது. அடிமரத்தில் தொற்றி இரை தேடும் மரங்கொத்தி, தத்தித் தத்தி ஏறும் சிறு குருவிகள், பல்லி, ஓணான், அணில், வௌவால் எல்லாம் அதில் ஒட்டும். சிறகில் பசை பட்ட பறவையை நாம் இழுத்தால் சிறகு பிய்ந்துவிடும், விட்டால் அங்கேயே சாகும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 2014இல் புள்ளி விளக்குப்பூச்சி என்ற புதுப் பூச்சி வந்தபோது இது பெரிய அளவில் நடந்தது. அதன் குஞ்சுகள் மரத்தில் ஏறும் பழக்கம் உள்ளவை என்பதால் வீட்டுக்கு வீடு பசை வளையம் கட்டினார்கள். பறவைகளும் பறக்கும் அணில்களும் ஒட்டிக்கொண்டு வனவிலங்கு மீட்பு நிலையங்களுக்கு வர ஆரம்பித்தன. அதன் பிறகுதான் வளையத்தின் மேல் கம்பிவலை போடச் சொன்னார்கள். இப்போது அங்கே பசையே இல்லாத பொறியைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள். ஏறி வரும் பூச்சியை வலைப் புனல் வழியாக ஒரு பைக்குள் சேர்க்கும் பொறி அது.

ஒரு மாவுப்பூச்சிக்காக மரங்கொத்தியைக் கொல்வதை என்னால் ஏற்க முடியாது. வலை போட முடியாதவர் பசை வளையம் கட்ட வேண்டாம் என்றே சொல்வேன்.

வேரடி

அக்கா சொல்வது நியாயம். நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது அது. வலை போடும்போது அதைப் பசையின் மேலேயே படிய விடக்கூடாது. சிறு குச்சிகளோ, சுருட்டிய கம்பித் துண்டுகளோ இடையில் வைத்து, இரண்டு மூன்று விரல்கடை தள்ளி நிற்கும்படி மேலும் கீழும் கட்ட வேண்டும். பல்லிக்குட்டி மேல் ஓரத்து இடைவெளியில் நுழையும், அங்கே நெருக்கிக் கட்டுங்கள். வலையின் கண்ணும் சிறிதாக இருக்கட்டும், எறும்பும் மாவுப்பூச்சிக் குஞ்சும் அதிலேயே தாராளமாக நுழையும்.

பசைப் பக்கம் மரத்தைப் பார்க்கும்படி உள்நோக்கிக் கட்டும் வளையமும் உண்டு. அடியில் பஞ்சு போன்ற நார்ப்பட்டை இடைவெளி கொடுக்கும், அதன் மேல் படலம், அதன் உள்பக்கத்தில் பசை. பறவைக்கு வெளியே வெறும் படலம்தான் தெரியும். எலுமிச்சை போன்ற மெல்லிய தண்டுக்கு எனக்கு இதுதான் பிடித்தது.

சரி, எறும்புக்காகக் கட்டும் முறையை எழுதிவிடுகிறேன்.

முதல் வேலை பாலங்களை அறுப்பது. மரத்தின் ஒரே ஒரு கிளை சுவரையோ, வேலியையோ, பக்கத்து மரத்தையோ தொட்டால் போதும், எறும்பு அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். தரையைத் தொடும் தாழ்ந்த கிளை, அடிமரத்தில் சாயும் புல், முட்டுக்கொம்பு, துணி காயப்போடும் கயிறு எல்லாவற்றையும் பாருங்கள். வளையம் கட்டுவதற்கு ஆகும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆனால்தான் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து உறை. அடிமரத்தின் வெடிப்புகளுக்குள் புகுந்து எறும்பு உறைக்கு அடியிலேயே போய்விடும். அதனால் பழைய துணியையோ பஞ்சையோ பள்ளங்களில் திணித்து, அதன் மேல் தடித்த தாளோ நாடாவோ இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் பசையைப் பூச வேண்டும். மரத்தைச் சுரண்டி வழவழப்பாக்கப் போகாதீர்கள், அந்தக் காயத்தில் வேறு நோய் நுழையும். நாலைந்து விரல் அகலம் பசை எறும்புக்குப் போதும். தரையிலிருந்து முழங்காலுக்கு மேலே இருக்கட்டும், மழைத்துளி தெறித்து மண் ஒட்டாது.

பிறகு வாரம் ஒருமுறை, தவறினாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தூசியும் சருகும் செத்த எறும்பும் சேர்ந்து பசையின் மேல் ஒரு நடைபாதையே போட்டுவிடும். ஒரு குச்சியால் பசையைக் கிளறிவிட்டால் மீண்டும் ஒட்டும். மிகவும் அழுக்கானால் உறையோடு கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

பிசின்கலயம்

வீட்டிலேயே பசை காய்ச்ச நினைப்பவர்களுக்கு: ஆமணக்கெண்ணெயை இளஞ்சூட்டில் வைத்து, பொடித்த ரோசினை (பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் கட்டி) கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்தால் பசை கிடைக்கும். ரோசின் கூடினால் கெட்டியாகும், எண்ணெய் கூடினால் ஒழுகும். வெயில் காலத்துக்குக் கெட்டி, குளிர் காலத்துக்குத் தளர்வு. ரோசின் சட்டென்று தீப்பற்றும், நேரடி நெருப்பில் வைக்கவே கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, திறந்த வெளியில் செய்யுங்கள். கையில் பட்டால் தண்ணீரில் போகாது, சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள்.

முசுறுக்காடு

எல்லாரும் எறும்பு என்று ஒரே சொல்லாகப் பேசுகிறீர்கள். முசுறைத் தடுத்துவிடாதீர்கள்! இலைகளைப் பட்டுநூலால் தைத்துக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பு மரத்துக்குக் காவல்காரன். தேயிலைக்கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியையும் இலை தின்னும் புழுவையும் இழுத்துக்கொண்டு போய்த் தின்னும். சீனாவில் ஆரஞ்சு வகை மரங்களைக் காக்க இந்த எறும்பைக் கூட்டோடு பையில் வைத்துச் சந்தையில் விற்றார்கள் என்று கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் குறிப்பு இருக்கிறது. மரத்துக்கு மரம் மூங்கில் பாலம் போட்டுக் கொடுத்தார்கள் அங்கே. நீங்கள் பாலத்தை அறுக்கச் சொல்கிறீர்கள்.

பூச்சிநோக்கி

முசுறு நல்ல வேட்டைக்காரன், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் செதில்பூச்சியையும் மாவுப்பூச்சியையும் இனிப்புக்காக வளர்க்கும். முந்திரியில் தேயிலைக்கொசுதான் பெரிய பகை என்றால் முசுறு இருக்கட்டும், சந்தேகமே வேண்டாம். எலுமிச்சையில் மாவுப்பூச்சிதான் பிரச்சினை என்றால் கணக்கு மாறும். ஆகவே எந்த எறும்பு, எந்த மரம், எது பெரிய தொல்லை என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கிளைநிழல், உங்கள் மரத்தில் போவது எந்த எறும்பு?

கிளைநிழல்

சிறிய கறுப்பு எறும்பு. இலையில் கூடு எதுவும் இல்லை, சாரி நேராக மண்ணுக்குள் போகிறது. எலுமிச்சையின் ஒரு கிளை சுவரில் உரசுவதை இப்போதுதான் கவனித்தேன்.

பூச்சிநோக்கி

அப்படியென்றால் தயங்காமல் கட்டலாம். கூடவே தரையில், சாரிக்குப் பக்கத்தில், நச்சு இரையும் வைக்கலாம். சர்க்கரைத் தண்ணீரில் போரிக் அமிலம் 0.5 முதல் 1 சதவீதம், அதற்கு மேல் வேண்டாம். அதிகமானால் வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குள் கொண்டுபோய் மற்றவற்றுக்கு ஊட்டாது. பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் துளையிட்ட மூடிய டப்பாவில் வைத்து, அதைக் கல்லுக்கு அடியில் அசையாமல் பொருத்துங்கள். அதுவும் முடியாது என்றால் இரையே வேண்டாம், வளையம் மட்டும் போதும்.

கிளைநிழல்

கிளையை வெட்டி, இரண்டு எலுமிச்சைக்கும் உள்நோக்கிய வளையம் கட்டிவிட்டேன். மாமரத்துக்குத் துணி திணித்து, உறை சுற்றிப் பசை, மேலே வலை. சாரி அறுந்துவிட்டது. ஆனால் மாவுப்பூச்சி அப்படியேதான் இருக்கிறது, அதோடு குருத்துகளில் இப்போது இன்னும் பெரிய மாவுப்பூச்சிகள் தெரிகின்றன. உடம்பெல்லாம் நீளமான வெள்ளை இழைகள், வேகமாக நகர்கின்றன. நிலைமை மோசமாகிறதோ? தேய்த்து எடுத்துவிடவா?

பூச்சிநோக்கி

தேய்க்காதீர்கள்! வேகமாக நகர்கிறது என்றால் அது பெரும்பாலும் மாவுப்பூச்சியே அல்ல. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு பார்க்க அப்படியே மாவுப்பூச்சி மாதிரி வெள்ளை மெழுகு இழைகளோடு இருக்கும், அளவில் அதைவிடப் பெரிதாக வளரும். மாவுப்பூச்சி மெல்ல ஊரும், இது சுறுசுறுப்பாக ஓடும். ஒன்றை ஒரு மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குப் பக்கத்தில் விட்டுப் பாருங்கள், தின்ன ஆரம்பித்தால் அதுவேதான்.

வேரடி

அதுவாக இருந்தால் மருந்து, சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய் எதுவும் இப்போது தெளிக்காதீர்கள். இலையில் இருக்கும் கறுப்புப் படலத்தை வேண்டுமானால் வெறும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம், பொறிவண்டுப் புழு இருக்கும் குருத்தை விட்டுவிட்டு.

வளையத்தை எப்போது கழற்றுவது என்று அடுத்து கேட்பீர்கள். நிரந்தரமாக விடக்கூடாது. தண்டு பருக்கப் பருக்க நாடா உள்ளே அழுந்தும், அடியில் ஈரம் தங்கித் தோல் அழுகும். புதுக் குருத்தில் மாவுப்பூச்சி தெரியாத நிலை வந்ததும் கழற்றி, தோலைக் காற்றாட விடுங்கள். மறுபடி எறும்பு சாரி கட்டினால் கொஞ்சம் மேலேயோ கீழேயோ புது இடத்தில் கட்டுங்கள். கழற்றிய பசையை மண்ணில் போடாமல் தாளில் மடித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள், தரையில் கிடந்தால் தவளையும் பல்லியும் ஒட்டும்.

கூடுகாப்பாள்

வலையைக் கழற்றுவதாக இருந்தால் பசையோடு சேர்த்து ஒரே நாளில் கழற்றுங்கள். வலை ஒரு நாள், பசை மறுநாள் என்று வைக்க வேண்டாம்.

கிளைநிழல்

ஒன்றை எடுத்து மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு அருகில் விட்டேன். தின்கிறது. தேய்க்கவில்லை, எதுவும் தெளிக்கவும் இல்லை. கறுப்புப் படலம் இருக்கும் கீழ் இலைகளை மட்டும் நாளைக் காலையில் கழுவுகிறேன். வலையும் பசையும் ஒரே நாளில்தான் இறங்கும் அக்கா.